கட்டிலிலும் சோபாவிலும் ஏறாமல் நாயைப் பழக்குதல்: மலையகத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நுவரெலியாவில் ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்பொழுதுகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதிகளில் மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டெம்பர் வரை சுவரும் தரையும் சரியாக உலர்வதில்லை. இத்தகைய இடத்தில் சீமெந்துத் தரையில் படுக்க விடப்பட்ட நாய், வீட்டார் கண்ணயர்ந்ததும் கட்டிலின் கால்மாட்டிலோ சோபாவின் மூலையிலோ ஏறிச் சுருண்டுகொள்வதைப் பிடிவாதம் என்று எண்ணுவது தவறு. அது சூட்டையும் உலர்ந்த மெத்தையையும் தேடுகிறது. அங்கே வீட்டாரின் வாசனையும் நிறைந்திருக்கிறது. சோபாவின் உயரத்திலிருந்து வாசலைக் கவனிக்கவும் முடிகிறது. ஆகவே, தளபாடங்களில் ஏறாமல் நாயைப் பழக்க விரும்புகிறவர் அதட்டத் தொடங்குவதற்கு முன்பே, கட்டிலைவிட நல்ல ஓர் இடத்தை அதற்கென்று அமைத்துக் கொடுத்துவிட வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் அந்த ஓர் இடத்தை நம்பியே சொல்லப்படுகின்றன.

வீட்டார் அனைவருக்கும் ஒரே விதி

அப்பா விரட்ட, அப்பாயி பரிதாபப்பட்டுப் போர்வைக்குள் சேர்த்துக்கொள்ள, பிள்ளைகள் படம் எடுப்பதற்காகச் சோபாவில் தூக்கி வைக்க, அந்த வீட்டில் நாய் எதைக் கற்றுக்கொள்ளும்? எப்போதாவது ஒருமுறை பலன் கிடைத்தாலும் போதும், அந்த முயற்சியை அது கைவிடாது; எப்போதும் கிடைக்கும் பலனைவிட எப்போதாவது கிடைக்கும் பலனே பழக்கத்தை ஆழமாக ஊன்றிவிடும் என்பது விலங்குப் பயிற்சியில் நன்கு அறியப்பட்ட உண்மை. எனவே எந்தெந்தத் தளபாடங்கள் விலக்கு என்பதை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் கட்டில், சோபா, கதிரை, வாங்கு அனைத்தையும் ஒன்றாக விலக்கிவிடுவது எளிது. இதில் ஏறலாம், அதில் ஏறக்கூடாது என்ற பாகுபாட்டைக் கற்பிக்க அதிகக் காலம் பிடிக்கும்.

சொற்களையும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கீழே வருவதற்கு ‘இறங்கு’, தன் படுக்கைக்குப் போவதற்கு ‘இடத்துக்கு’, சரியாகச் செய்ததை உணர்த்துவதற்கு ‘நல்லது’, எழுந்து செல்ல அனுமதிப்பதற்கு ‘போதும்’ என்ற நான்கும் போதுமானவை. ஏற்கெனவே ‘டவுன்’ என்று சொல்லிப் படுக்கப் பழக்கியிருந்தால், அதே சொல்லைச் சோபாவிலிருந்து இறக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது. சோபாவில் நின்றுகொண்டு அதைக் கேட்கும் நாய் அங்கேயே படுத்துக்கொள்ளும், அதில் அதன் குற்றம் எதுவுமில்லை.

நாயின் படுக்கை

இந்த வேலைக்குச் செலவிடும் நேரம் பின்னால் வரும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் அவசரப்படாமல் செய்யுங்கள். முதலாவது, படுக்கை தரையைத் தொடக் கூடாது. சீமெந்துத் தரை உடற்சூட்டை இடைவிடாமல் உறிஞ்சும். மழைக்காலத்தில் கீழிருந்து ஈரமும் ஏறும். பழைய பலகைகளை அறைந்து, தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உயர்ந்த தட்டு ஒன்று செய்துகொண்டால் அடியில் காற்று ஓடும், ஈரம் பிடிக்காது. நாய் பக்கவாட்டில் கால்களை நீட்டிப் படுத்தாலும் இடம் மிஞ்சுமளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். மூன்று பக்கமும் தாழ்வான விளிம்பு வைத்தால் காற்றும் தடுக்கப்படும், தலை சாய்க்கவும் வசதியாகும். குட்டிக்கும் வயதான நாய்க்கும் ஏறுவது சிரமம் என்பதால் தட்டின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதன் மேல் விரிக்க அரிசிச் சாக்கு ஒன்றில் பழைய சுவெட்டர், கிழிந்த சாரம், கம்பளித் துண்டுகளை அடைத்துத் தைத்தால் நல்ல மெத்தை கிடைக்கும். உரச் சாக்கையும் தோட்டத்து மருந்துகள் வந்த பைகளையும் எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நாய் தன் படுக்கையை நக்கும், கடிக்கும். மெத்தைக்கு உறை இரண்டு வேண்டும், ஏனெனில் மழை மாதங்களில் துவைத்த துணி உலர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றை மேலே போட்டு வைத்தால், கட்டிலில் நாய் தேடிய வாசனை இங்கேயே கிடைத்துவிடும். கடுங்குளிர் நாட்களில் போத்தலில் இளஞ்சூடான நீரை நிரப்பி, இறுக மூடி, துவாயில் சுற்றி மெத்தையின் ஓரத்தில் வைக்கலாம். கடிக்கும் பழக்கமுள்ள குட்டியாயின் அது படுத்துச் சூடேறியதும் எடுத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியமானது. நாய் கூட்டமாக வாழும் விலங்கு. ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத மூலையில் படுக்கையைப் போட்டால் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதில் தங்காது. லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்), விறகடுப்பு இருக்கும் சுவருக்கு மறுபக்கம் முன்னறையில் ஓர் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை: சுவர் இரவு வெகுநேரம் வரை சூட்டை வைத்திருக்கும், புகையும் தீப்பொறியும் எட்டாது, வீட்டாரும் கண்முன்னே இருப்பார்கள். இஸ்தோப்பில், அதாவது வெளித் திண்ணையில், சாரல் அடிக்கும் என்பதால் அது தகுந்த இடமன்று. இரவில் அங்கே வேறோர் ஆபத்தும் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன்.

‘இடத்துக்கு’ என்பதைக் கற்பித்தல்

பயிற்சிக்கு உணவுத் துண்டுகள் தேவை. உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி, ஈரல், அவித்த முட்டை ஆகியவை நல்லவை; ஒவ்வொரு துண்டும் கடலையளவுக்கு மேல் போகக் கூடாது. கருவாட்டையும் உப்பு நெத்தலியையும் நாய் விரும்பும் என்றாலும் அவற்றின் உப்பு அதற்கு ஆகாது. வெங்காயம் சேர்ந்த கறி, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சொக்கலேட் ஆகியன நாய்க்கு நஞ்சு. பயிற்சியில் கொடுத்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன், மூன்று முதல் ஐந்து நிமிடங்கள், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவைகள் என்று வைத்துக்கொண்டால் போதும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பதியும் இடத்துக்கு) போவதற்கு முன் ஒரு தடவையும், மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பின் ஒரு தடவையும் செய்வது இயலக்கூடியதே.

முதலில் எந்தச் சொல்லும் சொல்லாமல் ஒரு துண்டைப் படுக்கையின் மீது போடுங்கள். நாய் அதைத் தேடிச் சென்று நான்கு கால்களையும் மெத்தையில் வைத்த அந்தக் கணத்திலேயே ‘நல்லது’ என்று சொல்லி, இரண்டாவது துண்டையும் மெத்தையின் மீதே கொடுங்கள். பாராட்டு ஒரு விநாடிக்கு மேல் தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்கு விளங்காது. மெத்தையைவிட்டு இறங்கும்போது கிடைத்தால், இறங்கியதற்கான கூலி என்றே அது எடுத்துக்கொள்ளும். பின்னர் ‘போதும்’ என்று சொல்லி இரண்டடி விலகி நின்று, அது வெளியே வந்ததும் மறுபடி தொடங்குங்கள். உங்கள் கை அசைந்தவுடனேயே நாய் படுக்கையை நோக்கி ஓடத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும்: ‘இடத்துக்கு’ என்று ஒரே ஒரு தடவை, தெளிவாக, சாதாரணக் குரலில் சொல்லி, அதன் பின் கையை அசையுங்கள். சில நாட்களில் கையசைவு இல்லாமலே சொல்லுக்குப் போகும்.

அடுத்ததாக அங்கே தங்கிப் படுக்கப் பழக்க வேண்டும். மெத்தையில் நின்றதற்குக் கொடுத்து வந்த துண்டை, இனிப் படுத்த பிறகே கொடுங்கள். படுத்ததும் ஒன்று, ஐந்து விநாடி கழித்து ஒன்று, பத்து விநாடி கழித்து ஒன்று என இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். நேரம் கூடிய பிறகு தூரத்தைக் கூட்டலாம்: ஓரடி பின்னால் நகர்ந்து திரும்பி வந்து கொடுப்பது, அறையின் மறுகோடி வரை சென்று திரும்பிக் கொடுப்பது, அடுப்படிக்குள் சென்று மறைந்து வந்து கொடுப்பது என்ற வரிசையில் செல்லலாம். நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். நாய் எழுந்து வந்துவிட்டால் திட்டவேண்டியதில்லை; நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பதே அதன் பொருள், முந்தைய படிக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

இதற்குப் பிறகு வரும் படியைப் பலரும் தவறவிடுகிறார்கள். என் கருத்தில் முழுப் பயிற்சியின் உயிர்நிலை இதுவே. நீங்கள் நின்றுகொண்டு கட்டளையிடும்போது படுக்கைக்குப் போகும் நாய், நீங்கள் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போதும் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு அது முற்றிலும் வேறான சூழல். ஆகவே சோபாவின் ஓரத்தில் அமர்ந்தபடி ‘இடத்துக்கு’ என்று சொல்லிப் பழக்குங்கள், பிறகு நன்றாகச் சாய்ந்தபடி, பிறகு கட்டிலில் போர்வைக்குள் படுத்தபடி. சோபாவில் உட்காரும் முன் நான்கைந்து துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாய் தன் படுக்கையில் கிடக்கும் நேரமெல்லாம் அவ்வப்போது ஒன்றை அதன் முன் பாதங்களுக்கிடையே எறியுங்கள். யாரும் சொல்லாமல் அது தானாகவே படுக்கைக்குச் சென்று படுத்ததைக் கண்டால், வேலையை விட்டுவிட்டு எழுந்து போயாவது அதற்கு ஒன்று கொடுங்கள்.

ஏறிவிட்ட நாயை இறக்குதல்

கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தை நோக்கி வரும் கையைக் கண்டால் அஞ்சும் நாய், பின்னொரு நாள் அந்தக் கையைக் கடிக்கவும் கூடும். பக்கவாட்டில் நின்று, ‘இறங்கு’ என்று சொல்லி, ஒரு துண்டை அதன் மூக்கருகே காட்டித் தரையில் எறியுங்கள். பாதங்கள் தரையில் பட்டதும் ‘நல்லது’ என்று சொல்லி, உடனேயே ‘இடத்துக்கு’ அனுப்பி, அங்கே முன்னதைவிடப் பெரிய பங்கைக் கொடுங்கள். இறங்கியதற்கு மட்டும் தாராளமாகக் கொடுத்து வந்தால், கூலி வாங்குவதற்காகவே ஏறி இறங்கும் சாமர்த்தியத்தை நாய் விரைவில் கற்றுவிடும். எனவே தரையில் கிடைப்பது சிறிதாகவும், படுக்கையில் கிடைப்பது பெரிதாகவும், ஏறாமலே படுக்கைக்குப் போனதற்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் பெரிதாகவும் இருக்கட்டும்.

வீட்டுக்குள் நீங்கள் அருகில் இருக்கும் நேரங்களில் ஒரு மீற்றர் அளவான இலேசான வாரைக் கழுத்துப்பட்டியில் கட்டி இழுபட விடலாம். நாயைத் தொடாமல் வாரின் நுனியை எடுத்து மெதுவாக வழிநடத்த அது உதவும். தனியே விடும்போது அதைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், ஏதேனும் ஒன்றில் சிக்கி இறுகிவிடும். முன்னங்கால் இரண்டையும் சோபாவின் விளிம்பில் வைத்து நாய் யோசிக்கும் கணமே தலையிடுவதற்கு ஏற்றது; அப்போது பெயரைச் சொல்லி அழைத்துத் திருப்பிவிட்டால் இறக்கவேண்டிய தேவையே வராது.

வீட்டில் ஆளில்லாத நேரம்

காலையில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனால் மதியம் வரை வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் நாய் மெத்தையில் நிம்மதியாக உறங்கினால், மாலையில் நீங்கள் செய்யும் ஐந்து நிமிடப் பயிற்சியால் என்ன பயன்? ஆகையால் அந்த நேரத்தில் ஏற முடியாதபடி செய்துவிட வேண்டும். தனி அறையுள்ள வீடாயின் கதவை மூடினால் தீர்ந்தது. ஒற்றை அறை லயத்தில் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் மேல் நிமிர்த்தி வைக்கலாம், அல்லது கொழுந்துக் கூடைகளையும் கவிழ்த்த வாளிகளையும் கட்டிலில் பரப்பலாம். கதிரைகளைச் சோபாவின் மேல் குப்புற வைப்பதும் பயன் தரும். ஒழுங்காகப் பழகும் வரை, அதாவது சில மாதங்களுக்கு, இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாள் முழுவதும் குறுகிய சங்கிலியில் கட்டிப்போடுவதை இதற்கு மாற்றாகக் கருத வேண்டாம். நீண்ட நேரம் கட்டுண்ட நாய் சலிப்பாலும் அச்சத்தாலும் முரடாகிறது. அவிழ்த்துவிட்டதும் கட்டுக்கடங்காமல் தாவி எல்லாவற்றிலும் ஏறுகிறது. புறப்படும் முன் ஒரு நடை கூட்டிச் சென்று மலசலம் கழிக்கவிட்டு, உணவில் ஒரு பங்கைப் படுக்கையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனால் பெரும்பாலான நாய்கள் உறங்கிவிடும். வெந்த கோழி எலும்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அது கூர்மையாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

இரவு

சோபாவில் ஏறிய குற்றத்துக்காக நாயை இரவில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது மலையகத்தில் அதன் உயிரோடு விளையாடுவதாகும். தேயிலை மலைகளையும் அவற்றை ஒட்டிய காட்டுத் துண்டுகளையும் சிறுத்தைகள் பாவிக்கின்றன. லயத்துக்கருகே வந்து நாயைத் தூக்கிச் செல்வது இங்கே அறியாத செய்தி அன்று. இஸ்தோப்பில் கட்டப்பட்ட நாய்க்கு ஓடித் தப்பவும் வழியில்லை. நாயைத் தேடி வரும் சிறுத்தை மனிதர்களுக்கும் அருகில் வந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வைத்து, இரவில் நாயைக் கதவுக்கு உள்ளேயே வைத்திருங்கள்.

உள்ளே படுக்கும் நாய் நள்ளிரவில் கட்டிலில் ஏறாதிருக்க, முதற் சில இரவுகளுக்கு அதன் படுக்கையைக் கட்டிலை ஒட்டியே போடுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஆள் இருப்பது தெரிந்தால் அது அமைதியாக உறங்கும். அது பழகியதும் நாளுக்கு ஓரடியாக நகர்த்தி நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோகலாம். குட்டி இரவில் முனகினால் அது சிறுநீர் கழிக்கவும் இருக்கலாம். வெளியே கூட்டிச் சென்று, விளையாட்டுக் காட்டாமல், மீண்டும் படுக்கையில் விடுங்கள்.

மழை மாதங்களில்

நனைந்த நாய் தன்னை உலர்த்திக்கொள்ள மெத்தையிலும் போர்வையிலும்தான் உரசும். பழக்கப்பட்ட நாயும் மழை நாட்களில் வழுவுவதற்கு இதுவே காரணம். வாசலில் நாய்க்கென்று ஒரு பழைய துவாயைத் தொங்கவிட்டு, உள்ளே வருமுன் பாதங்களையும் அடிவயிற்றையும் அழுத்தித் துடைத்து, நேரே ‘இடத்துக்கு’ அனுப்புங்கள். துடைக்கும்போதே விரலிடுக்குகளில் அட்டையையும், காதுமடலிலும் கழுத்திலும் உண்ணியையும் பார்த்துவிடலாம். உண்ணியால் பரவும் காய்ச்சல் இலங்கையில் நாய்களுக்குப் பரவலாக வருகிறது. சோர்வு, உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல் ஆகிய அறிகுறிகள் கண்டால் காத்திராமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஊவாப் பக்கத்தில், பதுளை, பண்டாரவளை போன்ற இடங்களில், மழை வடகீழ்ப் பருவத்தோடு வருவதால், ஆண்டிறுதி மாதங்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படும்.

உறுமினால்

சோபாவில் கிடக்கும் நாய் நீங்கள் நெருங்கும்போது உடலை விறைத்து உறுமினால், அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த உறுமல் எச்சரிக்கை. அதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். தொலைவில் துண்டுகளை எறிந்து தானாக இறங்கவிட்டு, அந்தத் தளபாடத்தை அடைய முடியாதபடி மறித்துவிட்டு, மிருக வைத்தியரின் ஆலோசனையைக் கேளுங்கள்; நோவும் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பிள்ளைகளை அந்த நாயை இறக்க அனுப்பவே கூடாது. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். சுகாதாரப் பகுதியினர் அதை இலவசமாகவே போடுகிறார்கள். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை எனச் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோபாவில் மிளகாய்த்தூள் தூவுவது கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும். துணிகளுக்கிடையே வைக்கும் நப்தலீன் உருண்டைகளை நாய் விழுங்கினால் நஞ்சாகும். வீடு திரும்பியபோது மெத்தையில் உரோமத்தைக் கண்டு நாயை அடிப்பதால் ஒரு பயனுமில்லை, எப்போதோ செய்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் உள்ள தொடர்பை அது அறியாது.

ஓரிரு கிழமைகள் ஒழுங்காக இருந்த நாய் திடீரென முன்னைவிட அதிகமாக ஏற முயலலாம். பழைய வழி அடைபட்டுவிட்டதை உணர்ந்து கடைசியாக ஒருமுறை வலுவாகத் தள்ளிப் பார்ப்பதுதான் அது. அந்த நாட்களில் யாரும் இரங்கி இடம் கொடுக்காவிட்டால் அடங்கிவிடும். வயதான நாய் புதிதாக மெத்தையைத் தேடத் தொடங்கினால் மூட்டு நோவைப் பற்றியே முதலில் யோசிக்க வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு உணவுத் துண்டுகளை மூன்று தடவைக்கு ஒன்று, ஐந்து தடவைக்கு ஒன்று என ஒழுங்கின்றிக் குறைத்து, வாய்ப் பாராட்டையும் தடவிக்கொடுத்தலையும் மட்டும் நிலையாக வைத்திருங்கள்.

தீபாவளி இரவைப் போல வெடிச்சத்தம் நிறைந்த நேரங்களில் பயிற்சி செய்யாதீர்கள். அஞ்சிய நாய் கட்டிலுக்கு அடியிலோ மேலோ ஒடுங்கிக்கொள்ளும். அதைத் தண்டிக்காமல், படுக்கையை உள்ளறை மூலைக்கு மாற்றி, மூன்று பக்கமும் தடித்த துணி தொங்கவிட்டு, அருகில் ஒருவர் இருந்துகொண்டால் பெரும்பாலும் அங்கே வந்து சேரும். அன்றிரவு கட்டிலிலேயே கிடந்துவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் காலையில் முதற்படியிலிருந்து ஓரிரு தடவைகள் நினைவூட்டித் தொடரலாம்.